பிரேசில்ல வைத்தியம் இலவசம், அப்புறமும் குழந்தைங்க ஏன் லேட்டா உக்கார்றாங்க, லேட்டா நடக்கறாங்க?

கேள்வி கேட்ட தம்பி பிசியோதெரபி படிக்கறார்னு நினைக்கறேன். அவர் கேட்டது இதுதான்: "பிரேசில்ல இருந்து வர்ற ஆராய்ச்சிகள்ல செரிபிரல் பால்சி குழந்தைங்களையும் ஏழை வீட்டு குழந்தைங்களையும் சேத்தே பேசறாங்க. ஒண்ணு மூளைல அடிபட்டது, இன்னொண்ணு கைல காசில்லாதது. ரெண்டும் எப்படி ஒரே டாபிக் ஆகும்? அதுவும் ஆஸ்பத்திரி மொத்தமும் ஃப்ரீயா இருக்கற நாட்டுல?"

ரெண்டும் ஒண்ணு இல்லதான், அதுல சந்தேகமே வேண்டாம். சிபி, அதாவது செரிபிரல் பால்சிங்கறது, வளந்துட்டு இருக்கற மூளைல, வயித்துல இருக்கும்போதோ பிரசவத்துலயோ பொறந்த கொஞ்ச நாள்லயோ ஏற்படற காயம். அந்தக் காயம் அதுக்கு மேல பெருசாகாது, ஆனா தசை இறுக்கம், மூட்டு மடங்கிப் போறது, இடுப்பு விலகறதுன்னு அதோட விளைவுங்க மட்டும் குழந்தை வளர வளர மாறிட்டே வரும். ஏழ்மையால வர்ற தாமதம் அப்படி இல்ல. மூளை நல்லாத்தான் இருக்கு, அதுக்கு கிடைக்க வேண்டிய தீனி, இடம், ஆள் பேச்சு, விளையாட்டு கிடைக்கல, கிடைச்சா பெரும்பாலும் பிடிச்சுடும். அப்புறம் ஏன் சேத்துப் பேசறாங்கன்னா, ஆரம்பத்துல பாக்கறதுக்கு ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு, அதுக்கப்புறம் அந்தக் குழந்தைக்கு என்ன ஆகுதுங்கறத ரெண்டுலயும் ஒரே வீடுதான் முடிவு பண்ணுது. என் பதில் மொத்தமும் இந்த ரெண்டு விஷயம்தான்.

முதல் விஷயம். எட்டு மாசக் குழந்தைய உக்கார வெச்சா ஒரு பக்கமா சாஞ்சு விழுது, குப்புறப் போட்டா தலைய தூக்கி கொஞ்ச நேரத்துலயே அழுது. இது சிபியா, இல்ல நாள் பூரா மடியிலயும் கட்டில்லயும் இருந்ததால முதுகு வலுவில்லாம இருக்கா? சும்மா பாத்து சொல்ல முடியாது. உலக சுகாதார நிறுவனம் 2006-ல வெளியிட்ட கணக்குப்படி பிடிமானம் இல்லாம உக்கார்றது 3.8 மாசத்துல இருந்து 9.2 மாசம் வரைக்கும், தனியா நடக்கறது 8.2-ல இருந்து 17.6 மாசம் வரைக்கும் எப்ப வந்தாலும் நார்மல்தான். அவ்ளோ அகலமான ஜன்னல். இதுல ஒரு வேடிக்கை சொல்றேன். அந்த நிறுவனத்தோட குழந்தை வளர்ச்சி சார்ட் இருக்குல்ல, உயரம் எடை போடறது, அதுக்கு ஆறு நாட்டுல இருந்து குழந்தைங்கள எடுத்தாங்க, பிரேசில்ல பெலோட்டாஸ் ஊரும் அதுல ஒண்ணு, நம்ம டில்லியும் ஒண்ணு. ஆனா உக்கார்றது நடக்கறது கணக்கு எடுத்தப்ப பிரேசில் மட்டும் அதுல இல்ல, ஏன்னா அங்க வேலைய முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க, அசைவு ஆய்வு பின்னாடிதான் சேந்தது. அதனால ஆறுல அஞ்சு நாட்டு குழந்தைங்கள வெச்சுதான் அந்த ஜன்னல போட்டாங்க.

அப்ப பிரேசில் பிசியோங்க எத வெச்சு அளக்கறாங்கன்னா, ரொம்ப காலமா கனடாவோட ஆல்பர்ட்டா ஸ்கேல். 1994-ல வந்தது, 58 ஐட்டம், குப்புற, மல்லாக்க, உக்காந்து, நின்னுன்னு நாலு நிலைல குழந்தைய தொடாம பாத்தே மார்க் போடறது. போர்ட்டோ அலெக்ரில இருக்கற ஃபெடரல் யுனிவர்சிட்டில நாடியா வாலென்டினி குழுவினர் இத பிரேசில் குழந்தைங்க கிட்ட போட்டுப் பாத்தாங்க, சராசரியே கனடா குழந்தைங்கள விட கம்மியா வந்தது. அப்ப கனடா சார்ட்டையே வெச்சு அளந்தா நல்லா இருக்கற எத்தனையோ பிரேசில் குழந்தைங்க "டிலே"ன்னு வந்துடும். அதனால அவங்க நாட்டுக்குன்னு தனி நார்ம்ஸ் போட்டாங்க. அது சரியான வேலைதான், ஆனா எனக்கு அதுல ஒரு நெருடலும் உண்டு. நாட்டுல பாதிப் பேர் கஷ்டத்துல இருக்கும்போது அந்த நாட்டோட சராசரியையே அளவுகோலா வெச்சா, கஷ்டத்தால வந்த தாமதமும் நார்மல்னு ஆகிப் போகுமே? ரெண்டு சார்ட்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கறதுதான் நல்லதுன்னு நான் சொல்லுவேன்.

சரி, ரெண்டாவது விஷயம், வீடு. ஏழை வீட்டுல எது குறையுது? எல்லாரும் முதல்ல சாப்பாடுன்னுதான் சொல்லுவாங்க. பிரேசில்ல அந்தக் கதை நிறைய மாறிடுச்சு. 1974-75-ல அஞ்சு வயசுக்குள்ள இருக்கற குழந்தைங்கள்ல 37 சதவீதம் வயசுக்கேத்த உயரம் இல்லாம குள்ளமா இருந்தாங்க, 2006-07-ல அது 7 சதவீதமாச்சு. குடிதண்ணி, பொண்ணுங்க படிப்பு, சம்பளம், ஊர் ஊருக்கு வைத்தியம், எல்லாம் சேந்து பண்ணது. அப்படியும் அசைவு, பேச்சு வளர்ச்சில ஏழை பணக்கார வித்தியாசம் நிக்குது. அப்ப வயிறு மட்டும் விஷயம் இல்ல.

இதுக்கு பெலோட்டாஸ் ஊரத்தான் பாக்கணும். நாட்டோட தெற்குக் கோடில ஒரு நடுத்தர ஊரு, ஆனா குழந்தை ஆராய்ச்சில உலகத்துலயே பேர் போனது. 1982-ல அந்த வருஷம் ஊருல பொறந்த குழந்தைங்க கிட்டத்தட்ட 6,000 பேர எழுதி வெச்சுட்டு இன்னைக்கு வரைக்கும் பின்தொடர்றாங்க, அப்புறம் 1993, 2004, 2015-ல பொறந்தவங்களையும் அதே மாதிரி. சேசார் விக்டோரா, ஃபெர்னாண்டோ பாரோஸ்னு ரெண்டு பேர் தொடங்கினது. 2004 குழந்தைங்களுக்கு ரெண்டு வயசானப்ப வீட்டுல அஞ்சே அஞ்சு கேள்வி கேட்டாங்க. போன வாரத்துல யாராவது கதை சொன்னாங்களா இல்ல படிச்சுக் காட்டினாங்களா, பார்க்குக்கோ விளையாடற இடத்துக்கோ போச்சா, அடுத்தவங்க வீட்டுக்குப் போச்சா, டிவி பாத்துதா, குழந்தைக்குன்னு ஒரு கதைப் புஸ்தகம் இருக்கா. (டிவி பாக்கறது அந்தக் காலத்துல நல்ல லிஸ்ட்ல இருந்துருக்கு பாருங்க, இன்னைக்கு யாரும் சேக்க மாட்டாங்க.) இந்த அஞ்சுல எத்தனை இருக்கோ அந்த அளவுக்கு வளர்ச்சி ஸ்கோர் ஏறுச்சு, அதுவும் அம்மா கம்மியா படிச்ச வீடுகள்லதான் அந்த ஏத்தம் ஜாஸ்தி. படிச்ச அம்மா வீட்டுல இந்த மாதிரி ஒண்ணு ரெண்டு இல்லாட்டியும் வேற பத்து விஷயம் ஈடு கட்டிடுது, படிக்காத அம்மா வீட்டுல இதுதான் எல்லாமே.

அசைவுன்னு வந்தா இன்னும் நேரடியா தெரியும். வீட்டுல குழந்தை அசையறதுக்கு என்ன வசதி இருக்குன்னு அளக்கற ஒரு கேள்வித்தாள பிரேசில்காரங்க நிறைய யூஸ் பண்றாங்க. தரை இருக்கா, என்ன மாதிரி தரை, வாசல் இருக்கா, படி இருக்கா, பிடிச்சு எழுந்து நிக்க ஏதாவது இருக்கா, பொம்மை எத்தனை வகைன்னு போகும் கேள்வி. இந்தக் கேள்வித்தாள்ல ஏழை வீடுகளுக்கு அடிக்கடி மார்க் குறையறது பொம்மை, விளையாட்டு சாமான் பகுதிலதான். மலைச்சரிவுல ஒண்ணு மேல ஒண்ணா கட்டின ஃபவேலா (அந்த ஊர் குடிசைப்பகுதி) வீட்ட நினைச்சுப் பாருங்க, ஒரே ரூம், சிமெண்ட் தரை, அதுலயே அடுப்பு, அதுலயே படுக்கை, நாலஞ்சு பேர். குழந்தைய கீழ விட்டா யாரோ மிதிப்பாங்க, இல்ல அடுப்புல கை வைக்கும், அதனால கட்டில்லயோ ஸ்ட்ரோலர்லயோ மடியிலயோ வெச்சுக்கறாங்க. அம்மாவுக்கு அக்கறை இல்லன்னு எவனாவது எழுதினா அவன் அந்த வீட்டுக்குள்ள போனதே இல்லன்னு அர்த்தம். வெளிய விடலாம்னா துப்பாக்கிச் சண்டை பயம். பால்வாடில விட்டா? அங்கயும் ஆள் பத்தாம குழந்தைங்க தொட்டில்லயே ரொம்ப நேரம் கிடக்கற பால்வாடிங்க உண்டு, அந்த மாதிரி இடங்கள்ல வாரத்துல சில நாள் தரைல விட்டு விளையாட்டு காட்டினாலே ஸ்கோர் ஏறறத போர்ட்டோ அலெக்ரி குழு காட்டியிருக்காங்க.

இதப் பாத்துட்டு அரசாங்கம் 2016-ல வீட்டுக்கே ஆள் அனுப்பி அம்மாவுக்கு விளையாட்டு சொல்லித் தர்ற 'கிரியான்சா ஃபெலிஸ்'னு பெரிய திட்டம் போட்டாங்க. நல்ல ஐடியா, உலகம் பூரா பேசினாங்க. அப்புறம் பெலோட்டாஸ் குழுவே அத ரேண்டமைஸ்டு ட்ரையல் (குலுக்கல் மாதிரி ரெண்டு குழுவா பிரிச்சு ஒப்பிடறது) வெச்சு சோதிச்சாங்க, வளர்ச்சில வித்தியாசமே தெரியல. வந்து போன ஆளுங்களுக்கு ட்ரெயினிங் பத்தல, வாரா வாரம் வர வேண்டியவங்க வரல, நடுவுல கோவிட் வேற. காகிதத்துல இருக்கற திட்டத்துக்கும் வாசல்ல வந்து நிக்கற ஆளுக்கும் நடுவுல இருக்கற தூரத்த நேர்மையா அளந்து சொன்னதுக்காகவே அந்த ட்ரையல எல்லாரும் படிக்கணும், "எங்க திட்டம் சூப்பர்"னு வர்ற ரிப்போர்ட்ட விட அது நூறு மடங்கு உபயோகம்.

இப்ப "வைத்தியம் ஃப்ரீ"ங்கற பாயிண்டுக்கு வர்றேன். 1988 அரசியல் சட்டத்துல ஆரோக்கியம் எல்லாரோட உரிமை, அரசோட கடமைன்னு எழுதினாங்க, 1990-ல சட்டம் வந்தது, அதுதான் 'சூஸ்'னு சொல்ற அவங்க பொது சுகாதார அமைப்பு. 1994-ல இருந்து ஏரியா ஏரியாவா குடும்ப நல டீம்: ஒரு டாக்டர், நர்ஸ், உதவி நர்ஸ், அப்புறம் அதே தெருவுல குடியிருக்கற சுகாதாரப் பணியாளர்கள், ஒருத்தருக்கு அதிகபட்சம் 750 பேர். இவங்க வீட்டு வீட்டுக்குப் போறாங்க. குழந்தை பொறந்தா ஒரு கையேடு தர்றாங்க, அதுல தடுப்பூசி, எடை, தலை சுத்தளவு, எந்த மாசம் என்ன செய்யணும் எல்லாம் இருக்கும். போல்சா ஃபமிலியாங்கற, ஏழைக் குடும்பங்களுக்கான அரசு உதவிப் பணம் வாங்கற குடும்பம்னா குழந்தைக்கு ஏழு வயசு வரைக்கும் தடுப்பூசியும் வளர்ச்சிப் பதிவும் கட்டாயம். இதெல்லாம் நிஜமாவே வேலை செய்யுது, பிரேசில குறை சொல்றதுக்கு முன்னாடி இத சொல்லியே ஆகணும்.

ஓட்டை எங்கன்னா, கையேட்டுல எடையும் ஊசியும் ஒழுங்கா நிரப்பியிருக்கும், அசைவுப் பக்கம் நிறைய கையேடுகள்ல காலியா இருக்கும். எடை போட தராசு போதும், அசைவ பாக்க நேரமும் பழகின கண்ணும் வேணும். அம்மா "இது இன்னும் உக்காரல"ன்னு சொன்னா "கொஞ்சம் பொறுங்க, ஒவ்வொரு குழந்தை ஒவ்வொரு மாதிரி"ன்னு பதில் வரும். அந்த பதில் ஏழை வீட்டு ஆரோக்கியமான குழந்தைக்கு பாதி சரி. சிபி குழந்தைக்கு அது பெரிய நஷ்டம். இங்கதான் நீங்க கேட்ட ரெண்டும் ஒண்ணா கலக்குது: சுத்தி இருக்கற குழந்தைங்க எல்லாமே கொஞ்சம் லேட்டுன்னா, நிஜமா மூளைல பிரச்சனை இருக்கற குழந்தை கூட்டத்துல மறைஞ்சு போயிடும்.

இத்தனைக்கும் இப்ப சீக்கிரம் கண்டுபிடிக்க வழி இருக்கு. மூணு மாச வாக்குல குழந்தை மல்லாக்கப் படுத்துட்டு இருக்கும்போது உடம்பு முழுக்க சின்னச் சின்னதா, நெளிவு நெளிவா ஒரு அசைவு ஓடும், பிரெக்டல் கண்டுபிடிச்ச முறைல அத வீடியோ எடுத்துப் பாப்பாங்க. அந்த அசைவு இல்லன்னா, கூடவே ஹாமர்ஸ்மித்ங்கற நரம்புப் பரிசோதனை, எம்ஆர்ஐ ரெண்டும் சேந்தா, ஆறு மாசத்துக்குள்ளயே சிபிக்கு ரிஸ்க்னு சொல்லிடலாம்னு ஆஸ்திரேலியாவோட அயோனா நோவாக் குழு 2017-ல எழுதினாங்க. முதல் முறைக்கு வேண்டியது ஒரு கேமராவும் ட்ரெயினிங் எடுத்த ஒருத்தரும்தான். குறைமாசத்துல பொறந்த குழந்தைங்களுக்கு இது ரொம்ப முக்கியம், பிரேசில்ல அந்த மாதிரி பிரசவம் 100-க்கு 11, 12 இருக்கு, பாதிக்கு மேல சிசேரியன் வேற. குறைமாசக் குழந்தைய அம்மா நெஞ்சோட கட்டி வெச்சுக்கற கங்காரு முறைய 2000-லயே தேசிய அளவுல கொண்டு வந்துட்டாங்க, அது பெரிய விஷயம். ஆனா டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன பிறகு யார் பாக்கறாங்கங்கறது ஊருக்கு ஊரு மாறுது. குடும்ப நல டீமுக்கு பிசியோ, பேச்சுப் பயிற்சியாளர், டயட்டீஷியன் துணைக்கு வர்ற அமைப்பு 2008-ல தொடங்கினது, 2019 கடைசில அதுக்குன்னு ஒதுக்கின தனிக் காச நிறுத்தினாங்க, 2023-ல வேற பேர்ல மறுபடி ஆரம்பிச்சாங்க. நடுவுல பொறந்த குழந்தைங்களோட முதல் மூணு வருஷம் போனது போனதுதான்.

அந்த மூணு வருஷம் ஏன் முக்கியம்னா, சிபில அஞ்சு லெவல் சொல்லுவோம்ல, ஒண்ணுன்னா ஓடும் ஆடும் ஆனா கொஞ்சம் தடுமாறும், அஞ்சுன்னா தலையே நிக்காது. 2002-ல கனடாவுல போட்ட வளைவுகள்படி ஒரு குழந்தை தன்னால முடிஞ்ச பெரிய அசைவுகள்ல 90 சதவீதத்த லெவல் ஒண்ணுல கிட்டத்தட்ட அஞ்சு வயசுக்குள்ள தொட்டுடும், லெவல் அஞ்சுல மூணு வயசுக்கு முன்னாடியே. பிரேசில்லயும் பல மாநில யுனிவர்சிட்டிங்க சேந்து தங்களோட குழந்தைங்களுக்கு இந்த மாதிரி வளைவு போடறாங்க, ஏன்னா கனடா குழந்தைக்கு கிடைக்கற வீல்சேரும் கை கால தாங்கற ஸ்பிளிண்ட்டும் இடுப்பு எக்ஸ்ரேவும் பிரேசில்ல கிடைக்காதப்ப வளைவு அதே மாதிரிதான் இருக்கும்னு எப்படி சொல்றது?

இது எல்லாம் ஒரே இடத்துல வெடிச்சது, கொசு பரப்பற ஜிகா வைரஸ் வந்தப்ப. 2015-ல வடகிழக்கு பிரேசில், பெர்னாம்புகோ மாநிலம், ரெசிஃபி நகரம். வனெஸ்ஸா வான் டெர் லிண்டன்ங்கற குழந்தை நரம்பியல் டாக்டரும், அதே துறைல இருக்கற அவங்க அம்மாவும், ஆஸ்பத்திரிக்கு அடுத்தடுத்து தலை ரொம்ப சின்னதா பொறக்கற குழந்தைங்க வர்றத கவனிச்சாங்க. பக்கத்து மாநிலம் பராய்பால காம்பினா கிராண்டில அட்ரியானா மெலோங்கற டாக்டர் கர்ப்பிணிங்களோட பனிக்குடத் தண்ணிய அனுப்பி சோதிச்சு அதுல ஜிகா வைரஸ் இருக்கறத காட்டினாங்க. நவம்பர்ல தேசிய அவசரநிலை, 2016 பிப்ரவரி 1 உலக அவசரநிலை. கடைசில உறுதியான கேஸ் 3,000-க்கு மேல.

இதுல யாருக்கு வந்ததுன்னு பாருங்க. ரெசிஃபில ஏரியா வாரியா பிரிச்சுப் பாத்தப்ப ஏழை ஏரியாலதான் கூடுதல். கொசுவுக்கு ஏழை பணக்காரன் தெரியாது, ஆனா தண்ணிக் குழாய்க்கு தெரியும். தினம் தண்ணி வராத தெருவுல டிரம்முலயும் வாளிலயும் தொட்டிலயும் பிடிச்சு வெப்பாங்க, டெங்கு பரப்பற அதே ஏடிஸ் கொசு அதுல முட்டை வெக்கும். நம்ம ஊருல டெங்கு சீசன்ல வீடு வீடா வந்து தொட்டிய கவுத்துட்டுப் போவாங்களே, அதே கொசு. வறுமையும் சிபியும் ஒண்ணு இல்லன்னு மேல சொன்னேன், ஆனா வறுமை சுத்து வழில சிபிக்கு காரணமாகறது இப்படித்தான்.

அந்தக் குழந்தைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு சிபியேதான், அதுவும் கடுமையான வகை, லெவல் அஞ்சு. ஃபிட்ஸ், முழுங்க முடியாதது, கண் பார்வைக் குறை, இடுப்பு விலகல் எல்லாம் சேந்து. நாடு முழுக்க பிறப்புப் பதிவையும் இறப்புப் பதிவையும் இணைச்சு 2022-ல வந்த ஆய்வுப்படி மூணு வயசுக்குள்ள இவங்க இறக்கற வாய்ப்பு மத்த குழந்தைங்கள விட 11 மடங்கு. டிவி கேமரா 2016-லயே போயிடுச்சு. குழந்தைங்க வளந்து கனமாயிட்டாங்க, கைக்குழந்தையா தூக்கிட்டு பஸ் ஏறின அம்மாவால எட்டு வயசு பிள்ளைய தூக்கிட்டு ஏற முடியுமா? ரெசிஃபில இந்த அம்மாங்க சேந்து 'தேவதைகளின் தாய்மார் சங்கம்'னு அர்த்தம் வர்ற பேர்ல ஒரு அமைப்பு ஆரம்பிச்சு மருந்து, பால் பவுடர், டயபர், சட்டம்னு எல்லாத்துக்கும் சண்டை போட்டாங்க.

காசு விஷயத்துல அவங்க போட்ட சண்டைய கொஞ்சம் விவரமா சொல்லணும், ஏன்னா பிசியோ புஸ்தகத்துல இது இருக்காது, ஆனா குழந்தையோட அசைவ இது நேரா பாதிக்குது. ஊனமுள்ளவங்க வீட்டு வருமானம் ரொம்ப கம்மியா இருந்தா மாசம் ஒரு குறைந்தபட்ச சம்பளம் அரசு தரும், 1993 சட்டம். 2025 கணக்குல குறைந்தபட்ச சம்பளம் 1,518 ரெயால் (பிரேசில் பணம்). கேக்க நல்லா இருக்கா? கண்டிஷன் என்னன்னா வீட்டுல தலைக்கு வருமானம் அந்த சம்பளத்துல கால் பங்குக்கு மேல போகக் கூடாது, அதாவது 379 ரெயால் 50 காசு. அப்பா அம்மா குழந்தைன்னு மூணு பேர் வீடு, அப்பா ஒரு கடைல முறைப்படி குறைந்தபட்ச சம்பளத்துக்கு சேர்றார்னு வைங்க, 1,518-ஐ மூணால வகுத்தா 506, அவ்ளோதான், குழந்தையோட பணத்துக்கு தகுதி போச்சு. அதனால நிறைய வீட்டுல வேலைக்குப் போறதே பதிவில்லாத கூலி வேலை, அம்மா வேலைய விட்டுட்டு குழந்தை கூடவே. அப்பா விட்டுட்டுப் போன வீடுகளும் நிறைய. 2020-ல, அந்த உதவிப் பணத்த ஏற்கனவே வாங்கிட்டு இருந்த ஜிகா குழந்தைங்களுக்கு மட்டும், அதுக்கப்புறம் வருமானத்த பாக்காம ஆயுசுக்கும் அதே தொகை பென்ஷன்னு சட்டம் வந்தது, அப்பதான் அம்மா வேலைக்குப் போனாலும் பணம் நின்னு போகாதுங்கற நிலைமை. 2025-ல பார்லிமெண்ட் இன்னும் பெரிய பென்ஷனும் ஒரு தடவை 50,000 ரெயால் நஷ்டஈடும் கொண்டு வந்தது, அதிபர் தடுத்தார், பார்லிமெண்ட் அந்தத் தடைய தள்ளி சட்டமாக்கிடுச்சு. நியாயமான வெற்றிதான். ஆனா பக்கத்து வீட்டுல பிரசவத்துல மூச்சுத் திணறி சிபி ஆன குழந்தைக்கு இது எதுவும் கிடையாது, அது இன்னும் அந்தக் கால் பங்கு கணக்குலதான் நிக்குது.

சிகிச்சை இடங்களுக்கு வருவோம். சாவ் பாவ்லோல ஆஆசேடேன்னு ஒரு தொண்டு நிறுவனம், 1950-ல ஆரம்பிச்சது, 1998-ல இருந்து வருஷா வருஷம் டிவில மணிக்கணக்கா நிகழ்ச்சி நடத்தி காசு திரட்டறாங்க. பிரேசிலியால தொடங்கின சாரா ஆஸ்பத்திரி வரிசை அரசு காசுல நடக்குது, முழுக்க இலவசம், லேலேன்னு கூப்பிடற ஆர்க்கிடெக்ட் கட்டின காத்தோட்டமான கட்டடங்கள், படுக்கையோடயே நோயாளிய வெயில்ல கொண்டு போய் வெப்பாங்க. 2011-ல இருந்து மாநிலங்கள்ல அரசு மறுவாழ்வு மையங்கள் வந்தது. எல்லாம் தரமான இடங்க. பிரச்சனை, இதெல்லாம் பெரிய ஊருல. உள்நாட்டு ஊர்ல இருந்து ரெசிஃபிக்கு வர்ற அம்மா விடிகாலை மூணு மணிக்கு முனிசிபாலிட்டி வேன்ல ஏறணும், அந்த வேன்ல டயாலிசிஸ்காரங்க, கேன்சர்காரங்க எல்லாரும் உண்டு, கடைசி ஆளுக்கு முடிஞ்சாதான் வண்டி திரும்பும். 40 நிமிஷ பிசியோவுக்கு ஒரு முழு நாள். குழந்தை வேன்ல வளைஞ்சு நெளிஞ்சு உக்காந்து, வெயில்ல வாடி, சரியா சாப்பிடாம வந்து டேபிள்ல படுத்தா என்ன பயிற்சி ஏறும்? "கம்ப்ளையன்ஸ் இல்ல"ன்னு, அதாவது சொன்னபடி செய்யறதில்லன்னு, ஃபைல்ல எழுதறவங்க மேல எனக்கு எப்பவும் கோவம்தான்.

அதனாலதான் வீட்டையே பயிற்சி இடமாக்கற வேலைங்கதான் பிரேசில்ல இருந்து நாம கத்துக்க வேண்டியதுன்னு நான் நினைக்கறேன். சாராவுல லூசியா பிராகா ரொம்ப காலமா இத செஞ்சாங்க. தலைல அடிபட்ட குழந்தைங்கள (சிபி இல்ல, அத கவனிச்சுக்கோங்க) ரெண்டு குழுவா பிரிச்சு, ஒரு குழுவுக்கு தெரபிஸ்ட் நேரடியா, இன்னொண்ணுக்கு குடும்பத்துக்கு சொல்லிக் கொடுத்து அவங்களே அன்றாட வேலைல செய்யற மாதிரி. குடும்பம் செஞ்சதுதான் நல்லா வந்தது, படிக்காத பெத்தவங்களும் செஞ்சாங்க. படம் வரைஞ்சு கொடுத்தா போதும்.

ஜிகாவுக்கு அப்புறம் 'ஜுண்டோஸ்'னு ஒரு ப்ரோக்ராம். பங்களாதேஷ்ல சிபி பெத்தவங்களுக்காக உருவான பாடத்த எடுத்து லண்டன் யுனிவர்சிட்டியும் பிரேசில்காரங்களும் சேந்து மாத்தி, ரியோலயும் சால்வடார்லயும் நடத்தினாங்க. பத்து அமர்வு, சின்னக் குழு, நடத்தறது ஒரு தெரபிஸ்ட்டும் அதே நிலைமைல இருக்கற ஒரு அம்மாவும். எப்படி தூக்கறது, எப்படி உக்கார வெச்சு ஊட்டறது, ஃபிட்ஸ் வந்தா என்ன பண்றது, அப்புறம் உங்க மனசு எப்படி இருக்குன்னும் ஒரு அமர்வு. ஒரு வளரும் நாட்டுல இருந்து இன்னொரு வளரும் நாட்டுக்கு போன பாடம், அதுவே எனக்கு பிடிச்சது.

இன்னொண்ணு ரியோ கிராண்டி டோ நோர்ட்டி மாநிலத்துல எக்மார் லோங்கோ குழு பண்ணது. கடைல விக்கற பேட்டரி பொம்மைக் காரு இருக்குல்ல, குழந்தை உக்காந்து ஓட்டறது, அத வாங்கி முதுகுக்கும் கழுத்துக்கும் தாங்கு வெச்சு, பக்கவாட்டுல மெத்து மெத்துனு பஞ்சுக் குழாய் கட்டி, ஓட்டறதுக்கு ஒரு பெரிய பட்டன் வெச்சாங்க. கை விழுந்தா போதும், கார் நகரும். லெவல் அஞ்சு குழந்தை, வாழ்க்கைல முதல் தடவை தானா ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குப் போகுது. இதனால நடக்க ஆரம்பிக்காது, அதுக்காக செய்யறதும் இல்ல. பட்டன அமுக்கினா உலகம் நகருதுங்கற தொடர்பு குழந்தைக்கு புரியுது, தெருப் பிள்ளைங்க பின்னாடியே ஓடி வருதுங்க. கை கால நீட்டி மடக்கறது மட்டும் தெரபின்னு நினைக்கறவங்க இத வேடிக்கைன்னு நினைப்பாங்க, நான் அப்படி நினைக்கல.

இந்தக் குழந்தைங்களோட பொது ஆரோக்கியம் பத்தியும் வேகமா சிலது. லெவல் நாலு அஞ்சு குழந்தைங்க எடை குறைவா இருக்கறதுக்கு முக்கால்வாசி காரணம் முழுங்கற பிரச்சனைதான், ஒரு வேளை சாப்பாடு ஊட்ட ஒரு மணி நேரம் ஆகும், அது நுரையீரலுக்குப் போய் நிமோனியா, நிமோனியால மறுபடி எடை இறங்கும். வயித்துல டியூப் போடறதுக்கு பயந்து தள்ளிப் போட்டு கடைசில எமர்ஜென்சில போடற கதை எங்கயும் உண்டு. கால் நீட்ட முடியாத குழந்தைக்கு உயரம் எப்படி எடுக்கறதுன்னா முழங்கால் உயரம் எடுத்து 2.69-ஆல பெருக்கி 24.2 கூட்டினா சென்டிமீட்டர்ல கிட்டத்தட்ட உயரம் வரும், சாதாரண சார்ட்ல போடாம சிபிக்குன்னு இருக்கற சார்ட்ல போடணும். பல்லு ரொம்ப பேர் மறக்கற விஷயம்: பல்ல நறநறன்னு கடிக்கறது, மிருதுவான மாவு மாதிரி சாப்பாடு, இனிப்பான சிரப் மருந்து, வாய் திறக்காம பிரஷ் போக முடியாதது எல்லாம் சேந்து சொத்தை. பல் வலி சொல்லத் தெரியாத குழந்தை உடம்ப இறுக்கும், நீங்க ஸ்பாஸ்டிசிட்டி, அதாவது தசை இறுக்கம், கூடிடுச்சுன்னு நினைச்சு தசைய தளர்த்தற போடாக்ஸ் ஊசி எழுதுவீங்க. (அதுவும் அங்க அரசு செலவுலயே போடறாங்க.)

கடைசியா, படிக்கற பையனா இருக்கறதால ஒண்ணு. பிரேசில் பேப்பர் கைல எடுத்தா ரெண்டு இடத்த முதல்ல பாருங்க. ஒண்ணு, குழந்தைங்கள எங்க இருந்து எடுத்தாங்க. மறுவாழ்வு மையத்துல இருந்துன்னா, அந்த விடிகாலை வேன பிடிக்க முடிஞ்ச குடும்பம் மட்டும்தான் அதுல இருக்கு, வராதவங்க கணக்குலயே இல்ல. அதனால "வருமானத்துக்கும் அசைவு ஸ்கோருக்கும் சம்பந்தம் தெரியல"ன்னு முடிவு வந்தா உடனே நம்பிடாதீங்க, எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஏழையா இருந்தா சம்பந்தம் எப்படி தெரியும்? ரெண்டாவது, ஏழ்மைய எத வெச்சு அளந்தாங்க. நிறைய பேர் 'கிரித்தேரியோ பிரேசில்'னு ஒரு மார்க்கெட் ஆராய்ச்சி அளவுகோல யூஸ் பண்றாங்க. வீட்டுல எத்தனை பாத்ரூம், கார், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், குடும்பத் தலைவர் என்ன படிச்சிருக்கார், குழாய்த் தண்ணி வருதா, தெரு தார் போட்டதான்னு மார்க் போட்டு ஏ பி சி டி ஈ-ன்னு பிரிக்கறது. சோப்பு விக்கறவனுக்காக உருவானதுதான், ஆனா நம்ம விஷயத்துக்கு அந்தக் கடைசி ரெண்டு கேள்வி எல்லாத்தையும் விட முக்கியம். தார் இல்லாத தெருவுல அரசு கொடுத்த வீல்சேர் உருளாது, வீட்டு மூலைலதான் நிக்கும். மொத்த ஸ்கோர மட்டும் போட்டு முடிச்சிருந்தா, தண்ணியையும் தெருவையும் தனியா பிரிச்சு டேபிள் எங்கயாவது பின் இணைப்புல இருக்கான்னு தேடிப் பாருங்க, உங்க தீசிஸுக்கு கேள்வி அங்கயே கிடைச்சுடும்.